வீட்டுக்குக் குங்கிலியம் பூசினேன்

எதையும் எண்ணிக் குறித்து வைக்கிறவனுக்கு, குறித்ததெல்லாம் புரிந்துவிட்டது என்று ஒரு நினைப்பு இருக்கும். எனக்கு அது முற்றிப்போயிருந்தது எழுபதுகளின் நடுவில். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புப் பட்டறையில் ஸ்டோர் கீப்பர் வேலை. கல்யாணமாகி ஏழு மாதம். ரைஸ் மில்லுக்குப் பின்னால் வாடகைக்கு ஓர் ஓட்டு வீடு.

மில்லில் உமி எரித்தால் கரித்தூள் எங்கள் வீட்டுக்குள்தான் இறங்கும். சோற்றில், பாயில், தலைமுடியில் (அப்போது எனக்கு இருந்தது). என் மனைவி அஞ்சலைக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. அவள் அப்பா பழவேற்காட்டில் படகு வைத்து மீன் பிடிக்கிறவர். விஷயம் தெரிந்ததும் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: "ஞாயித்துக்கெழம வரேன். இழுப்பு நிக்கலன்னா பொண்ண இட்டுக்கினு போயிடுவேன்."

எனக்கு ஆறு நாள் இருந்தது.

ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவர் சுவராக நடந்தேன். புகை எங்கே சாய்கிறதோ அங்கே காற்று போக வழி இருக்கிறது. ஜன்னல் சட்டம், கதவிடுக்கு, சுவரும் ஓடும் சேரும் இடம் என்று மொத்தம் நாற்பத்துமூன்று. டைரியில் வரிசை எண், இடம், அகலம், புகை சாய்ந்த திசை என நான்கு கட்டம் போட்டு எழுதினேன்.

"அடுப்பாண்ட போனாதாங்க எனக்கு மூச்சு முட்டுது" என்றாள் அஞ்சலை.

"இரு, இருபத்தாறாவத எழுதிக்கினு இருக்கேன்" என்றேன்.

எதைக் கொண்டு அடைப்பது? நான் கடலுக்கே போகாத மீனவர் வீட்டுப் பிள்ளை (அப்பாவுக்குத் தபால் ஆபீஸில் வேலை). ஆனால் மாமனார் படகின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவதைப் பார்த்திருந்தேன். தண்ணீரே நுழையாத இடத்தில் காற்று எப்படி நுழையும்? மாமனாருக்கு மரியாதை செய்தது போலவும் ஆகும். நாற்பத்திரண்டை அப்படியே அடைத்தேன். மிச்சமிருந்த கதவிடுக்குக்கு, பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சட்டத்தைச் சுற்றி ஆணியடித்தேன்.

ஞாயிறு பகலில் மாமனார் மடவை மீனோடு வந்தார். சலவை வேட்டி, சலவைச் சட்டை. சுவரோரத்தைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"இன்னா மாப்ள, ஊட்ட எப்ப தண்ணில எறக்கப் போறீங்க?"

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். "ஒரு தூசி வராது மாமா, பாருங்க" என்று கதவைத் தோளால் முட்டி மூடினேன்.

அஞ்சலை விறகடுப்பில் மீன் வறுக்க ஆரம்பித்தாள். கால் மணி நேரத்தில் எதிரே உட்கார்ந்திருந்த மாமனார் எனக்குத் தெரியவில்லை. அஞ்சலை இருமினாள்; இருமல் இழுப்பானது. ஓடிப்போய்க் கதவை இழுத்தேன். டியூப் விடவில்லை. கைப்பிடி மட்டும் என்னோடு வந்தது. ஜன்னல்களைத் தட்டினேன், என் வேலைப்பாடு அங்கேயும் உறுதியாகவே இருந்தது. மகளைத் தாங்கப் போனவரின் தலையில், அடுப்புக்கு மேலே பூசியிருந்த குங்கிலியம் உருகிச் சொட்டியது.

"பேஜாரு புடிச்ச ஊடுடா இது!"

உலக்கையை எடுத்து மேலே குத்தினார். நான்கு ஓடுகள் போயின. அதே உலக்கையால் கதவை நெம்பி, மகளை வெளியே கொண்டுவந்தார். வேப்பமரத்தடியில் அவளுக்கு மூச்சு சீராக வெகுநேரம் பிடித்தது. நான் கைப்பிடியோடு நின்றிருந்தேன்.

"கெளம்பும்மா" என்றார் மாமனார்.

"அடுப்புப் பொகைதான்னு மொதல்லியே சொன்னேன் நைனா. இவரு எழுதிக்கினே இருந்தாரு."

அவள் போன பிறகு டைரியைப் பிரித்தேன். முப்பத்திரண்டு இடங்களில் புகை உள்பக்கம் சாய்ந்திருந்தது. பதினொன்றில் வெளிப்பக்கம், எல்லாம் அடுப்பைச் சுற்றி. என் கையால், அழகாகவே எழுதியிருந்தேன். கரி வந்த வழியையும் புகை போன வழியையும் ஒரே அக்கறையோடு அடைத்திருக்கிறேன். அடுத்த அறையில் இருந்தவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஊதுவத்தியே தேவைப்பட்டிருக்காது.

மறுமாதம் மில்லுக்குத் தூரமாக ஒரு வீடு பார்த்தேன். அஞ்சலை நேரில் வந்து அடுக்களையில் நின்று, எதையெல்லாம் மூடக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் எழுதவில்லை. கேட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் பெட்டியோடு வந்தாள்.

பழவேற்காட்டில் இன்றும் எவர் படகிலாவது தண்ணீர் ஏறினால், "கும்முடிப்பூண்டி மாப்ளய கூப்டுறா, உள்ள இருக்கறவனே வெளிய வர முடியாம அடைச்சிக் குடுப்பாரு" என்பார்கள். விசேஷ வீடுகளில் மச்சான்கள் என்னை நடுவில் உட்காரவைத்துக்கொண்டே இதை நடித்துக் காட்டுவார்கள் (உருகிச் சொட்டும் இடத்துக்குப் பாயசம்). எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பது அஞ்சலைதான். கண்ணில் நீர் வர, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவள் ஓயும்வரை அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருப்பேன்.

இழுப்பு இல்லை.