என் கேமராவுக்குள் குடியேறிய உன் அப்பா

அன்புக்கும் அடிக்கும் ஒருங்கே உரிய மருமகனுக்கு,

உன் அத்தையின் கணவனும், மின்சார இலாகாவின் முன்னாள் மீட்டர் கணக்கெடுப்பாளனும், இன்றைய தேதியில் இந்த ஊரிலேயே அதிகமாக அவமானப்பட்ட புகைப்படக் கலைஞனுமாகிய உன் மாமா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று மரியாதைக்கு எழுதி வைக்கிறேன். உண்மையில் நலமாக இருப்பவர் ஒரே ஒருவர்தான். அவர் உன் அப்பா. அவர் எவ்வளவு நலமாக இருக்கிறார் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முடி கொட்டுவது நின்றதா என்றெல்லாம் விசாரிக்க ஆசைதான். கோபம் தணிந்தபின் விசாரிக்கிறேன். போனில் திட்டலாமே என்று நினைப்பாய். போனில் திட்டினால் பாதியில் “மாமா, சிக்னல் சரியில்ல” என்று தப்பித்துவிடுவாய். கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. உட்கார்ந்து முழுதும் படி.

போன விடுமுறைக்கு வந்தபோது என் கையில் ஒரு மிரர்லெஸ் கேமராவைத் திணித்துவிட்டுப் போனாயே, நினைவிருக்கிறதா? “உள்ள கண்ணாடியே கிடையாது மாமா, அதான் இதோட விசேஷம்” என்றாய். கண்ணாடியே இல்லாத சலூனில் தலையைக் கொடுத்தவன் கதி என்னவாகும் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பாசம் கண்ணை மறைத்துவிட்டது. “எல்லாத்தையும் செட் பண்ணித் தரேன்” என்று சொல்லி அதை மாடிக்குத் தூக்கிப்போய், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு நாள் நோண்டினாய். அதையும் நான் சந்தேகப்படவில்லை. திருப்பித் தரும்போது, “இது மனுஷன் கண்ணைத் தானாத் தேடிப் பிடிக்கும் மாமா. அந்தச் சின்னச் சதுரம் யார் கண் மேல நிக்குதோ, அவங்க தெளிவா விழுவாங்க. நீங்க பட்டனை மட்டும் அமுக்குங்க” என்று உபதேசித்துவிட்டு ரயில் ஏறினாய். பிடிக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. யாருடைய கண்ணைப் பிடிக்கிறது என்பதுதான் மருமகனே இப்போது வழக்கு.

வழக்கின் கனத்தை நீ உணர வேண்டும். உன் அத்தை இந்த வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டரில் காலமெல்லாம் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தவள். கையை நுழைக்க ஒரு துளை. அந்தத் துளைக்கு மேலே ஆயிரம் விரல் பதிந்த அழுக்குக் கண்ணாடி. இந்த ஊரில் பாதிப் பேருக்கு அவள் கை தெரியும், “சில்லறையா குடுங்க” என்கிற குரல் தெரியும், முகம் தெரியாது. ஓய்வு பெறும் ஊழியர்களின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நிலையத்தின் வாசலில் மாட்டுவது அவர்கள் வழக்கம். நல்ல ஸ்டூடியோ ஒன்றையே அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். நான்தான் மார்பைத் தட்டி, “வீட்டில் ஒரு கலைஞன் இருக்கும்போது வெளியாள் எதற்கு?” என்று தடுத்துவிட்டேன். உன் அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: “இத்தனை வருஷம் கண்ணாடிக்குப் பின்னாடியே இருந்துட்டேங்க. அந்தப் படத்துலயாவது என் முகம் பளிச்சுன்னு இருக்கட்டும்.” அவள் என்னிடம் எதையும் கேட்கிற ஜாதியில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

சரி என்று கையைப் பழக்கப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். பெஞ்சில் அவளை உட்காரவைத்து, மூச்சைப் பிடித்து, பட்டனை அமுக்கினேன். வீட்டுக்கு வந்து டிவியில் போட்டுப் பார்த்தால் பெஞ்சின் மேல் ஒரு ஆவி உட்கார்ந்திருக்கிறது. ஈரத் துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி ஒரு முகம். ஆனால் அவளுக்குப் பின்னால், தூரத்தில், வேகநடை என்ற பெயரில் உருண்டுகொண்டிருந்தாரே உன் அப்பா, கடுகு மஞ்சள் சட்டையில், அவர் எப்படி விழுந்திருக்கிறார் தெரியுமா? சட்டையின் ஒவ்வொரு நூலையும் எண்ணலாம். மூக்கு நுனியில் ஒற்றையாக ஒரு முடி நிற்கிறதே, அதன் நிழல் மேலுதட்டில் விழுவதைப் பார்க்கலாம். என் கண்தான் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். மாடிப்படிக்கு அடியில், கும்மிருட்டில், நாய் ஒரு காலைக் கவ்விக்கொண்டிருக்க, எறும்பு அளவு மீட்டர் எண்ணைத் தப்பில்லாமல் வாசித்த கண் இது. கெட வாய்ப்பேயில்லை.

தற்செயல் என்று விட்டேன். அடுத்த வாரமே நம் தெருமுனைத் தையல்காரர் புதுக்கடை திறந்தார். பலகைக்குக் கீழே கத்தரியும் கையுமாக நின்று, “சார், கம்பீரமா ஒண்ணு எடுங்க” என்றார். எடுத்தேன். படத்தில் தையல்காரர் இருந்த இடத்தில் புகை. கடைக்குள்ளே, திரை பாதி விலகிய நிலையில், புதுப் பேண்ட்டில் ஒரு காலை மட்டும் நுழைத்துக்கொண்டு உன் அப்பா. கல்வெட்டுப் போல அவ்வளவு தெளிவு. தையல்காரர் படத்தை வெகுநேரம் பார்த்தார். “சார், கடை என்னுது. கத்தரி என்னுது. இதுல உங்க மச்சான் யாரு சார்?” என்றார். அதற்குப் பிறகு அவர் தைத்துக் கொடுத்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. நின்றபடியேதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இதில் நான் பட்ட அவமானத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன் அப்பாவுக்கு ஏறிய கிறுக்கைப் பொறுக்க முடியவில்லை. வங்கி மேனேஜராக இருந்தவரைக்கும் பாஸ்போர்ட் படத்தில்கூடக் கொள்ளைக்காரன் மாதிரி விழுந்த மனிதர், இப்போது தன்னை ஒரு பேரழகன் என்று முடிவு கட்டிவிட்டார். “மாப்ள, படம் எடுக்கிறவன் கையில ஒண்ணும் இல்ல. முகத்துல சரக்கு இருக்கணும். என் தங்கச்சி பாவம், அவளுக்கு எங்க அம்மா ஜாடை வந்துருச்சு, நான் அப்பா ஜாடை” என்கிறார், அவளை வைத்துக்கொண்டே. தலைக்குச் சாயம் அடிக்கிறார். கேமராப் பையின் ஜிப்பை நான் கீழே இழுத்தால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. “லேசா இடது பக்கம் திரும்பட்டுமா? அதான் என் நல்ல பக்கம்” என்கிறார். அவருக்குக் கெட்ட பக்கம் என்று ஒன்று இருப்பதை அவரே ஒப்புக்கொண்டது அன்றுதான். இதெல்லாம் போதாதென்று, பேண்ட் போடாத பாதியை வெட்டிவிட்டுத் தையல்கடைப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தன் கையாலேயே ஆணி அடித்து எங்கள் கூடத்தில் மாட்டிவிட்டுப் போனார். “தினமும் பார்த்துக் கத்துக்க மாப்ள.”

போன ஞாயிற்றுக்கிழமை அவர் பல் பிடுங்கப் பக்கத்து ஊருக்குப் போனார். கிடைத்தது சந்தர்ப்பம் என்று கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாள் போட்டேன், ஜன்னல்களை மூடினேன். உன் அத்தை நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கூடத்தில் நாற்காலி போட்டு, முகத்தில் வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டனைப் பாதி அமுக்கினேன். சதுரம் தோன்றியது. உன் அத்தையின் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் தோளைத் தாண்டிப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த உன் அப்பாவின் கண்ணில் உட்கார்ந்தது! மருமகனே, பல் வலியில் துடித்துக்கொண்டு ஊரிலேயே இல்லாத மனிதனை என் வீட்டுச் சுவரில் தேடிக் கண்டுபிடித்த எந்திரம் அது. உன் அத்தை படத்தைப் பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. “எங்கண்ணன் வீட்டுல இல்லாதப்பகூட உங்களுக்கு அவருதான் தெளிவாத் தெரியிறார். நான் கண்ணாடிக்குப் பின்னாடியே இருந்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். அன்று அவள் மடித்த துணியை நான் இன்னும் தொடவில்லை, அவ்வளவு கூர்மையான மடிப்பு.

மறுநாள் கேமராவை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரப் பெண் சூயிங்கம் மென்றபடி மெனுவைத் திறந்து, கீழே கீழே போய், ஓரிடத்தில் நின்றாள்.

“யாரு சார் இவரு?”

பார்த்தேன். கேமராவின் வயிற்றுக்குள், தபால்தலை அளவில், உன் அப்பா!

“இதுல எட்டு முகம் வரைக்கும் பதிஞ்சு வைக்கலாம் சார். முதல் இடத்துல யாரு இருக்காங்களோ அவங்க எந்த மூலையில நின்னாலும் கேமரா அவங்களைத்தான் பிடிக்கும். உங்களுக்கு ரொம்பப் பிடிச்சவர் போல?”

“எனக்கா!” என்று நான் போட்ட சத்தத்தில் அவள் மென்றதை விழுங்கிவிட்டாள்.

“அப்ப அழிச்சிரவா?”

“தொடாதேம்மா! அது சாட்சியம்!”

ஆகவே மருமகனே, குற்றம் ருசுவாகிவிட்டது. அந்த இரண்டு நாள் மாடியில் நீ என்ன செட் பண்ணினாய் என்று இப்போது புரிகிறது. பெற்ற தகப்பன் மேல் பாசம் இருக்கட்டும், காலில் விழு, தோளில் சும, மாடியிலேயே சிலை வை. அதற்காக என் கேமராவுக்குள் அவரை வாடகையில்லாமல் குடிவைப்பதா? உன்னைத் தோளில் தூக்கிப்போய் மீட்டர் பெட்டியெல்லாம் காட்டிய மாமனுக்கு இதுவா கைம்மாறு? நான் கேட்பது இதுதான். வெள்ளிக்கிழமைக்குள் வண்டி ஏறி வா. உன் கையாலேயே உன் அப்பாவைக் காலி பண்ணு. பிறகு உன் அத்தையின் முன் நின்று, “அத்தை, மாமாவின் கலையில் குறையில்லை, குறை என் வளர்ப்பில்தான்” என்று நாலு பேர் கேட்கச் சொல். அதுவரை அந்தக் கேமராவை அரிசி டின்னுக்குள் சிறை வைத்திருக்கிறேன்.

நீ நோய்நொடியில்லாமல் இருப்பாயாக. சம்பளம் உயர்வதாக. நல்ல இடத்தில் பெண் அமைவதாக. அந்தக் கல்யாணப் படங்கள் அத்தனையிலும் நீ மங்கலாகவே விழுவாயாக.

இப்படிக்கு,
மன்னிக்கும் எண்ணம் சிறிதும் இல்லாத
உன் மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படித்துவிட்டாயா? படிக்காதவனாக ஆகிவிடு. உறையில் போடுவதற்குள் உன் அத்தை காபி கொண்டுவந்தாள். நான் நின்றபடி எழுதுவதைப் பார்த்துவிட்டு, தோளுக்குப் பின்னாலிருந்து முழுதும் வாசித்துவிட்டாள். “பாவம், அவனைத் திட்டாதீங்க. அது நான் பண்ணினது” என்றாள். என்ன என்றேன். நீ ஊருக்குப் போன மறுநாள் போனில், “வீட்டுல முக்கியமான முகத்தைப் பதிஞ்சு வைங்க அத்தை” என்று அவளுக்கு வழி சொன்னாயாமே. “எனக்கு முக்கியமான முகம் எது? நாற்காலியில வாயைத் திறந்துகிட்டுத் தூங்கிட்டிருந்துச்சு. அதைப் பதியலாம்னு பிடிச்சேன். கண்ணு மூடியிருக்குன்னு கேமரா ஏத்துக்க மாட்டேன்னுச்சு. அண்ணன் பேப்பர் கேட்டு வந்தவர், உங்களை எழுப்பக் குனிஞ்சார். அந்த நேரம் ஓக்கேன்னு வந்துச்சு, நான் அமுக்கிட்டேன். உங்க முகம்தான்னு நினைச்சேன்” என்றாள். காபியை ஆறவிட்டுச் சமையலறைக்கு நடந்தேன்.

அரிசி டின்னைத் திறந்துவிட்டேன். முதல் இடத்தில் இப்போது உன் அத்தை. உன் அப்பாவை அடியோடு வெளியேற்ற மனம் வரவில்லை, எட்டாவது இடத்துக்கு மாற்றியிருக்கிறேன். அவரிடம் சொல்லித் தொலைக்காதே; சாயம் அடிக்கக் கற்றுக்கொண்ட மனிதர், மனம் உடைந்துவிடும். நீ வண்டி ஏற வேண்டாம். மாறாக, அந்தக் கல்யாணப் படங்களை நானே வந்து எடுக்கிறேன். புதிதாக எடுத்துப் பேருந்து நிலையத்துக்குக் கொடுத்த படத்தின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். எடுத்து வெளிச்சத்தில் பார். உன் அத்தையின் கண் ஓரத்துச் சுருக்கம்கூடச் சிரிக்கிறது. அவளுக்குப் பின்னால் கடுகு மஞ்சளில் மூட்டை மாதிரி ஏதோ ஒன்று கலங்கலாகத் தெரிகிறதே, அதுதான் உன் அப்பா. இடது பக்கம் திரும்பி நிற்கிறார்.