ஒரு பெயருக்கு ஒரு நோயாளி

தாராவிக்கும் செம்பூருக்கும் நடுவிலிருந்த ஓர் ஆஸ்பத்திரியில், புதிதாகச் சேர்ந்த நர்சுகள் மருந்தை ஆள் மாற்றிக் கொடுப்பதாக அறுபத்துமூன்றாம் வருஷம் மேலிடம் மிகுந்த விசனம் தெரிவித்தது. உடனே ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் சந்திரமௌலி தலைமையில் மூன்று நாள் பயிற்சி. மனுஷர் ஆயுளில் யாருக்கும் ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தவரில்லை; அதனால் பாரபட்சமில்லாமல் பேசினார்.

கடைசி நாள் தாராவிப் பெண் செண்பகவல்லி எழுந்தாள். வேலைக்கு வந்து இருபது நாள்தான்.

"சார், ஆறாம் வார்டுல மூணு இசக்கி இருக்காங்க. மருந்து மாறாம என்ன செய்யும்? கட்டில் நம்பரைத் துணியில எழுதி ஒவ்வொருத்தர் கையிலயும் கட்டிட்டாப் போதும்."

"துணிக்கு சாங்ஷன் கிடையாது. இசக்கி மூணு பேர் இருக்கறதுதானே கோளாறு? ஒருத்தரை வச்சுண்டு பாக்கிப் பேரை அனுப்பிடுங்கோ!"

மறுநாளே சுற்றறிக்கை: 'பொதுநலனை முன்னிட்டு, இனி ஒரு பெயருக்கு ஒரு நோயாளி மட்டுமே அனுமதிக்கப்படுவார்.' அடக் கொடுமையே! தாராவியில் இசக்கி என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். பிழை குறைந்தது வாஸ்தவம்தான். ஆளே குறைந்தால் பிழை எங்கிருந்து வரும்?

அடுத்த வாரம் செண்பகவல்லியின் அண்ணனை டைபாய்டு காய்ச்சலோடு தூக்கிவந்தார்கள். அவன் பெயரும் இசக்கி. அட்மிஷன் மேஜையில் அவளேதான் இருந்தாள். தாராவியில் யாருக்கும் இல்லாத ஒரு பெயரை எழுதினாள்: சந்திரமௌலி.

இரண்டாம் நாள் சூப்பரிண்டெண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"உசிர் போறது, ஜல்தி எழுதிக்கோம்மா!"

"சந்திரமௌலின்னு ஒருத்தர் உள்ள இருக்காரே சார்."

"நான்தானே நிஜ சந்திரமௌலி!"

"சுற்றறிக்கையில நிஜம்னு ஒண்ணும் போடலியே சார்."

"போறது, இசக்கின்னு போட்டுக்கோ!"

"அதுவும் இருக்கு. பூதத்தான்ங்கற பேர்தான் காலியா இருக்கு."

பூதத்தானாக அவர், அவள் அண்ணன் கிடந்த அதே ஆறாம் வார்டில் படுத்தார். மறுநாள் காலை, பயிற்சி முடித்த நர்ஸ் கோமதியம்மாள் டைபாய்டு மாத்திரையோடு வந்து, "சந்திரமௌலி!" என்று கூப்பிட்டாள். ஐம்பது வருஷப் பழக்கம் விடுமா? "இதோ!" என்று வாயைத் திறந்தார். மூன்று நாள் இப்படியே நடந்தது. அந்தப் பெயருக்குப் பழகாத அண்ணன் காய்ச்சலில் அசையாமல் கிடந்தான்.

விஷயம் தெரிந்து செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கோமதியம்மாள் பதிவேட்டை நீட்டினாள்: மருந்துப் பிழை, இல்லை. சந்திரமௌலியின் மாத்திரையைச் சந்திரமௌலிதானே விழுங்கியிருக்கிறார்?

"தப்புன்னு எழுதணும்னா, உன் அண்ணன் நிஜப் பேரையும் எழுதணும்," என்றாள் கோமதியம்மாள். "எழுதினா இப்பவே அவனை வெளியே அனுப்பிடுவாங்க."

செண்பகவல்லி அண்ணனைப் பார்த்தாள். 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.