மச்சினனைத் தடுக்க நாலாயிரம் பாட்டு

எங்கள் வீட்டு மூன்றாவது அறையில் என் மச்சினன் கால் வைக்கக் கூடாது. இது நான் எடுத்த சபதம். மனதுக்குள் எடுத்ததுதான். சத்தமாக எடுக்க நான் என்ன கல்யாணம் ஆகாதவனா?

மச்சினன் யுகேந்திரனுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துவிட்டது. மூன்று மாதம் நம் வீட்டில்தான் தங்குவான் என்று என் மனைவி ரமணி அறிவித்தாள். போன தைப்பூசத்துக்கு 'ரெண்டே நாள்' என்று வந்தவன் நாற்பதாம் நாள்தான் கிளம்பினான். அதுவரை டிவி ரிமோட்டை நான் கண்ணால் மட்டுமே பார்த்தேன்.

மூளையைக் கசக்கினேன்.

"ரமணி, அந்த ரூம்ல முக்கியமான வேலை ஒண்ணு நடக்கப் போவுது."

"என்ன வேலை?"

"நெட்ல எறக்குன பாட்டையெல்லாம் லாஸ்லெஸ்ஸா மாத்தப் போறேன். துளி சத்தம்கூட இழக்காத ஃபார்மட். மொத்தம் நாலாயிரம் பாட்டு."

"எத்தன நாள் ஆவும்?"

"மூணு மாசம்."

உண்மையில் பட்டனைத் தட்டிவிட்டு ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தால் பாதி முடிந்திருக்கும்.

"அவன் ஒரு ஓரமா படுத்துக்கட்டும் லா."

"கொறட்ட சத்தம் பாட்டுல பதிஞ்சிடும், ரமணி."

சொன்னபோது எனக்கே பெருமையாக இருந்தது. அவள் கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷமாகத் தரம் பார்ப்பவள் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. அவள் சிரிக்கவில்லை. அக்கறையாகக் கேட்டாள்.

"அப்போ எங்க கிளீன் ரூம் மாதிரி. தூசி, சத்தம், சாப்பாடு எதுவும் ஆகாது. மெஷின தனியா விடலாமா?"

"விடவே கூடாது. ஆள் பக்கத்துலயே இருக்கணும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சனிக்கிழமை யுகேந்திரன் பெட்டியோடு வந்து இறங்கினான்.

"தம்பி, நீ எங்க ரூம்ல கட்டில்ல படுத்துக்க. ஏர்கோன் இருக்கு," என்றாள் ரமணி. "நான் மக தனுஜாவோட படுத்துக்கிறேன். மச்சானுக்கு மூணு மாசம் அந்த ரூம்லதான் டியூட்டி."

கதவில் ஒரு தாள் ஒட்டினாள். மணிக்கொரு தரம் நான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி. மின்விசிறி கிடையாது, சத்தம் பதிந்துவிடுமாம். மாக் மண்டின் பக்கம் வேலை முடிந்து வந்ததும் நேராக உள்ளே போக வேண்டும். ஹாலில் யுகேந்திரன் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு டிவியில் பந்தாட்டம் பார்த்தான். வாசனை மட்டும் எனக்கு வந்தது. உள்ளேயே ஒரு தட்டு கேட்டேன். கிளீன் ரூமில் சாப்பாடு ஆகாது என்று பதில் வந்தது.

பாயில் படுத்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஏழாம் நாள் சரணடைந்தேன்.

"ரமணி, எல்லாம் முடிஞ்சிருச்சு."

"மூணு மாசம்னீங்க?"

"மெஷின் நல்ல மெஷின்."

அவள் இயர்ஃபோனை மாட்டி ஒரு பாட்டை முழுசாகக் கேட்டாள்.

"முன்ன இருந்த மாதிரியேதான் இருக்கு. தேங்கா மூணாம் பாலைப் பெரிய சட்டியில ஊத்துனா மொதப் பால் ஆயிடுமா? இது மொத நாளே எனக்குத் தெரியுங்க."

"தெரிஞ்சேவா என்னைய உள்ள போட்ட?"

"மெஷின தனியா விடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"எனக்குக் கட்டில் வேணும். அவன அந்த ரூமுக்கே போவச் சொல்லு."

"நான் சொன்னா தொரத்துற மாதிரி இருக்கும். நீங்களே ஆசையா கூப்பிடுங்க."

அவன் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் அந்த அறையில் வைத்தேன். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டேன்.

"மச்சான், இது ஒன் ரூம். எத்தன நாள் வேணும்னாலும் இரு."

யுகேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூணு மாசத்துல கெளம்பிடலாம்னுதான் இருந்தேன் மச்சான். நீங்க இவ்வளவு ஆசையா சொல்றப்ப எப்படி மறுக்கறது?"