பேர் கேட்டு எழுந்த போன்கள்

தான் பார்க்கிற வேலைக்குத் தானே பயந்து நடுங்குகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. மண்ணூர்பேட்டைப் பக்கம் நான் வேலை பார்த்த பம்பு கம்பெனியில் டெலிபோன்களைக் கவனித்துக்கொண்டவர் அவர். ‘பச்சை லைட்டு’ என்றால்தான் யாருக்கும் தெரியும். நிஜப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

எங்கள் மேசைகளில் இருந்தவை இன்டர்நெட் போன்கள். கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் மாதிரி முதலிலிருந்து எழ வேண்டும். எழுந்து முடித்ததும் திரையில் பேர் வரும், மூலையில் பச்சை விளக்கு எரியும். அதுவரை யாரும் தொடக் கூடாது என்பது பச்சை லைட்டு அண்ணன் போட்ட சட்டம்.

திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த புதிதில் நான் தெரியாமல் தொட்டுவிட்டேன். ஹாலின் அந்தக் கோடியிலிருந்து ஓர் அலறல்.

“எட்றா கைய! அதுக்கே இன்னும் தான் யாருன்னு தெர்ல, நீ அத்த காதுல வெச்சிக்கினு கீற?”

“போன்தானேண்ணே?”

“இப்போதிக்கு போன் இல்ல நைனா. வெறும் பொட்டி.” குரலைத் தாழ்த்தினார். “வயருலர்ந்து கரண்டு வரும், கண்ணத் தொறக்கும். ‘எனுக்கு ஒரு அட்ரஸ் குடு’ன்னு கேக்கும். வாங்கிக்கினு, அப்பால ‘எம்பேரு இன்னா’ன்னு கேக்கும். மாடியில கீற மிஷினு, நீ இன்னாருன்னு சொல்லும். பேரு வந்தாதான், லைன் போடுற மிஷினாண்ட போயி ‘உள்ளேன்’னு ஆஜர் குடுக்கும். நடுவுல கைய வெச்சா யாரா எந்திரிக்கும்னு யாருக்குத் தெரியும்?”

இதைக் கேட்ட பிறகு யாருக்கு மனசு நிம்மதியாக இருக்கும்? கரண்ட் வந்ததும் ஹால் முழுக்கப் போன்கள் ஒரே சமயத்தில் விழிக்கும். பேர் இல்லாத திரைகள் வெளிறிப்போய் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். பாத்ரூமுக்குக் கிளம்பியவர் பாதி வழியில் அப்படியே நிற்பார். மேனேஜர்கூட இருமலை அடக்கிக்கொள்வார்.

பச்சை வந்ததும் ரிசப்ஷன் ஸ்டெல்லா அக்காவின் முறை. பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருகிறவர். முதல் மேசையில் தொடங்கி வரிசையாக ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, “லைன் வந்துச்சா?” என்பார். பக்கத்தில் அண்ணன் நின்று ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டுவார். அவருடைய பேச்சைச் சிரிக்காமல் கேட்ட ஒரே ஆள் அக்காதான்.

காய்ச்சல் என்று லீவு போட்ட அக்கா திரும்பி வரவே இல்லை. அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில், அந்த நாற்காலிக்குக் கவிதா என்ற பெண் வந்தாள். மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டார்.

“ரிசப்ஷன் போன்ல பேரை எடுத்துடுப்பா.”

“இர்க்கட்டுமே சார். அது இன்னா சோறா கேக்குது?”

மேனேஜர் முறைத்தார். அண்ணன் மாடிக்குப் போய், மெஷினில் ஸ்டெல்லா என்பதை எடுத்துவிட்டு ரிசப்ஷன் என்று போட்டார்.

பிறகு ஒரு மழைநாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தது. போன்கள் விழித்தன. பச்சை வந்தது. முதல் மேசை போன் அடித்தது. எடுத்தவர் “ஹலோ, ஹலோ” என்றார், திரையைப் பார்த்தார், ரிசீவரைக் கீழே போட்டுவிட்டார். அடுத்த மேசை அடித்தது. அதற்கடுத்த மேசை. அக்கா கூப்பிடுகிற அதே வரிசை. என் போன் அடித்தபோது நானும் திரையைப் பார்த்தேன்.

ஸ்டெல்லா.

எடுத்தேன். பேச்சில்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்று, பக்கத்து மேசை அடிக்க ஆரம்பித்தது.

ரிசப்ஷனுக்கு ஓடினேன். தன் போனில் அந்தப் பேரைப் பார்த்ததுமே எழுந்து ஓடிய கவிதா, வாசல் கண்ணாடிக் கதவில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். நாற்காலி காலி. மேசைமேல் போன் இல்லை. அதன் வயர் மட்டும் மேசைக்குக் கீழே போயிருந்தது. குனிந்தேன். இருட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு பச்சை லைட்டு அண்ணன் குந்தியிருந்தார்.

“என்னண்ணே பண்ணுதீங்க?”

“டெஸ்ட்டு.”

“வாயத் தெறந்து பேசலாம்லா?”

“ஸ்டெல்லா பேருல கூப்புட்டு, என் கொரல்ல எப்டிப்பா பேசுறது?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. “பேரைத்தான் எடுத்துட்டீங்களே?”

“பேரு சொல்ற மாடி மிஷினு இன்னும் எந்திரிக்கல. இது கேட்டுப் பாத்துது, பதில் வர்ல. மொத மொதல்ல இது உள்ளாறயே நான் ஒரு பேரு போட்டு வெச்சிருந்தேன். பதில் சொல்ல ஆளு இல்லன்னா அத்த வெச்சிக்கினு எந்திரிக்கும்.”

“அதையும் அழிச்சிருக்கலாமே?”

“கை வர்லப்பா.”

மேனேஜர் பின்னால் வந்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. “அந்தப் பொண்ணு வேலையே வேணாம்னு அழுவுது. இப்பவே அழி. இல்லேன்னா நாளையிலேருந்து நீ வர வேணாம்” என்றார்.

அண்ணன் வெளியே வந்தார். போனை மேசைமேல் வைத்து, சட்டை நுனியால் திரையைத் துடைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு பட்டனை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டார். திரை அணைந்தது. வெகு நேரம் வெறுமையாக இருந்தது. அதற்குள் மாடி மெஷினும் எழுந்திருக்க வேண்டும். ரிசப்ஷன் என்று வந்தது.

“வாம்மா, உக்காரு. இன்மே இது உன்னுது” என்று கவிதாவிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

நான் என் இடத்துக்குத் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து போன் வந்தது.

“நான்தாம்ப்பா” என்றார்.

“சொல்லுங்கண்ணே.”

மறுபடியும் அந்த மூச்சு மட்டும் கேட்டது. பேசினால் அழுதுவிடுவார் போலிருந்தது. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது. அவராக வைக்கிறவரை நானும் வைக்கவில்லை.