வெட்டரிவாளும் ஐ.நா. அண்ணாச்சியும்

சரக்கை விற்காமல் இருப்பதற்கென்றே கடை திறந்த ஒரே மனிதர், இந்த உலகத்தில் எங்கள் ஐ.நா. அண்ணாச்சியாகத்தான் இருப்பார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மந்தாரக்குப்பத்தில் இரும்புக்கடை வைத்தவர். ஆணி, கடப்பாரை, கயிறு, அரிவாள் எல்லாம் கிடைக்கும்; அவருக்கு மனசு வந்தால். பக்கத்துச் சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து சுத்தியல் வாங்கப் போன என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரை அடிக்க?" காலண்டர் மாட்ட என்றேன். "போன வருசக் காலண்டர் தொங்குன ஆணி எங்க போச்சு?" என்று கேட்டு வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். கயிறு கேட்டு வருகிறவர் முகம் வாடியிருந்தால் கயிறு கிடைக்காது. டீ கிடைக்கும், கூடவே நீளமான பேச்சும். அப்படி டீ குடித்துவிட்டு வீடு திரும்பிய ஒருவர் இன்றும் பொங்கலுக்கு அவருக்குக் கரும்புக் கட்டு கொண்டுவந்து கொடுக்கிறார்.

கடையில் ஒரு சின்ன டி.வி. எந்நேரமும் அதில் உலகச் செய்தி. பட்டப்பெயர் வந்தது அதனால்தான். ஒருநாள் காலை ஷிப்ட் முடித்து நான் போனபோது ஏக உற்சாகத்தில் இருந்தார். சண்டை நடக்கிற ஒரு நாட்டுக்கு ஆயுதம் விற்க இன்னொரு நாடு லைசென்ஸ் கொடுக்கப் போகிறதாம். அதன் கூட்டாளி நாடுகள், "எங்களைக் கேட்காமல் கொடுக்காதே" என்று கூடிப் பேசுகின்றனவாம்.

"பாத்தீரா வே! ஒருத்தன் மட்டும் குடுக்க மாட்டேன்னா பிரயோசனம் இல்ல. கூட்டாளி எல்லாரும் ஒண்ணாச் சொல்லணும்."

அவர் வாய் மூடவில்லை, பக்கத்துக் கிராமத்து மேலத்தெரு கபடி அணித் தலைவன் வந்து நின்றான். இடுப்பில் ஐயப்பனுக்கு விரதமிருக்கும் கறுப்பு வேட்டி. முந்தின ஞாயிற்றுக்கிழமை மேலத்தெருவும் கீழத்தெருவும் ஆடிய பந்தயத்தில், ஒருவன் நடுக்கோட்டைத் தொட்டானா இல்லையா என்று கிளம்பிய தகராறில் ஏற்கெனவே ஒரு மண்டை உடைந்திருந்தது. இத்தனைக்கும் இரண்டு தெருவும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சொந்தம்.

"அண்ணாச்சி, வெட்டரிவா ஒரு டஜன் குடுங்க."

"எதுக்குடே?"

"கரும்பு வெட்டங்க."

"உங்க நெலத்துல முந்திரிதானடே நிக்கி? கரும்பு என்னைக்கு மொளச்சுது?"

"நீங்க குடுக்கலன்னா பாய் கடையில வாங்கிக்கினு போறேன்" என்று வண்டியை உதைத்தான்.

அண்ணாச்சி செருப்புகூடப் போடாமல் குறுக்குச் சந்தில் ஓடினார். அவன் தெரு சுற்றி வருவதற்குள், ஊரின் இன்னொரு இரும்புக்கடையான பாய் கடையில் மூச்சிரைக்க நின்றார். நானும் வண்டியில் பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன். பாயும் கொடுக்கவில்லை. ஆனால் அவன் போனதும் தலையைச் சொறிந்தார்.

"நம்ம குடுக்கலன்னா சேத்தியாத்தோப்புல வாங்கிக்கினு வந்துடுவான் அண்ணாச்சி. யாபாரம் போறதுதான் மிச்சம்."

"அப்பம் சேத்தியாத்தோப்பையும் சேத்துக்கிடுவோம். வண்டிய எடும் வே!"

கடைசி வாக்கியம் எனக்கு. என் வண்டியில் பாயும் சேர்த்து மூன்று பேர், நடுவில் அண்ணாச்சி. ஊர் நெருங்கும்போது என் காதருகே, "கபடி ஆடுத காலு வே. ஒண்ணு போனா திரும்ப மொளைக்குமா?" என்றார்.

சேத்தியாத்தோப்பில் இரும்புக்கடை நடத்துகிற செல்வி அக்கா, எடுத்த எடுப்பிலேயே பொரிந்தார். "அறுப்பு நேரத்துல அருவா விக்காம கற்பூரமாங்க விக்கச் சொல்றீங்க?"

அண்ணாச்சி உலக நிலவரத்தை விளக்கினார். அக்கா அசையவில்லை. மண்டை உடைந்த கதையைச் சொன்னார். அக்கா தராசைத் துடைப்பதை நிறுத்தினார்.

"சரிங்க. நெல்லறுக்கற கருக்கருவா யாருக்கு வேணா குடுப்போம். வெட்டரிவா வேணும்னா பெத்தவள அழைச்சிகினு வரட்டும். அவ வாயால எதுக்குன்னு சொல்லட்டும்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "இம்புட்டு நாடு கூடிப் பேசுதானுவ, இது ஒருத்தனுக்கும் தோணலையே வே!"

மூன்று கடையிலும் அதுவே சட்டமாயிற்று. இரண்டு நாள் கழித்துக் கீழத்தெரு அணித் தலைவன் ஓர் அம்மாவோடு அண்ணாச்சி கடைக்கு வந்தான். அண்ணாச்சி பணிவாகக் கேட்டார்: "உங்க மவன் பேரு என்னம்மா?"

அந்தம்மா அவன் பக்கம் திரும்பி, "ஏம்பா, உன் பேரு இன்னா?" என்றார்.

கடைத்தெருவே சிரித்தது. சிரிப்பு கிராமம்வரை போனது. மறுநாள் இரண்டு அணித் தலைவர்களும் வேறு வழியில்லாமல் சொந்தத் தாயையே கூட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில், ஒரே கடை வாசலில் வந்து இறங்கினார்கள். இரண்டு தாய்மாரும் நாத்தனார்கள்.

"நீ எங்கண்ணி இங்க?"

"பையன் கரும்பு வெட்ட அருவான்னான். நமக்கேது கரும்புன்னு யோசிச்சிகினே வந்தேன்."

"என் பையனும் அதத்தான் சொன்னான் அண்ணி!"

இருவரும் தத்தம் பிள்ளையை விட்டுவிட்டு, அடுத்தவள் பிள்ளையின் காதைப் பிடித்தார்கள். அத்தை கையில் மாட்டிய காதுக்கு விடுதலை ஏது? "எம்மவன வெட்டறதுக்கு உன்ன பெத்தவளையே சாட்சிக்கு அழைச்சிகினு வருவியாடா?" என்ற சத்தம் பேருந்து நிலையம்வரை கேட்டது. பையன்கள் அங்கேயே கைகுலுக்கினார்கள். குலுக்கியபின்தான் காது திரும்பக் கிடைத்தது.

காணும் பொங்கலன்று பந்தயம் மறுபடி நடந்தது. நடுக்கோட்டின் இரு முனையிலும் நாற்காலி போட்டு அந்த இரண்டு அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். தொட்டானா இல்லையா என்று ஒருவனும் வாய் திறக்கவில்லை. கீழத்தெரு ஒரு புள்ளியில் ஜெயித்தது. மேளம் அதிர, சிறப்பு விருந்தினரான அண்ணாச்சியைத் தோளில் தூக்க மேலத்தெரு பாய்ந்தது; அந்தக் கனத்துக்கு முடியவில்லை. கீழத்தெருவும் ஓடிவந்து கைகொடுக்க, இரண்டு தெருவும் சேர்ந்து தூக்கியது. மேலேயிருந்து அவர், "உலகத் தலைவர்களே, பாத்துக்கிடுங்க!" என்று முழங்கினார். கீழே பாய் விசிலடித்தார். செல்வி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

போன மாதம் சொந்த ஊரில் ஒரு கல்யாணம் என்று அண்ணாச்சி பத்து நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனார். எனக்கு வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் மந்தாரக்குப்பம் போய், அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.