சாயத்துக்கு இலக்கணம் சொன்ன சாமியார்

திருப்பூரில் துணிக்குச் சாயம் ஏற்றியவர்கள் ஏராளம். சாயத்துக்கு இலக்கணம் ஏற்றியவர் உலகத்திலேயே எங்கள் சாமியார் ஒருவர்தான். குருமடத்தில் பாதிரியாருக்குப் படித்து, பாதியில் திரும்பி வந்தவர். அதனால் அந்தப் பட்டம். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எங்கள் பனியன் கம்பெனியில் ஷேடு பார்ப்பது, அதாவது நிறம் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது, அவர் வேலை. சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய துண்டுத் துணியையும் சாயப்பட்டறைத் துணியையும் ஜன்னலோரம் சேர்த்துப் பிடித்தபடி, கனவில் நிற்பது போல நிற்பார். டீ ஆடை கட்டிவிடும்.

சாம்பலும் நீலமும் பச்சையும் கலந்த நிறம் வந்துவிட்டால் போச்சு.

"இது கிளௌகுஸ்ங்க. கிரேக்கத்துல கிளௌகோஸ். லத்தீன்காரன் கடன் வாங்கி, வால மட்டும் மாத்திக்கிட்டான். ஆண்பால்னா கிளௌகுஸ், பெண்பால்னா கிளௌகா, ரெண்டும் இல்லீன்னா கிளௌகும்."

"அப்ப பனியன் ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?" என்று கட்டிங் மாஸ்டர் நசீர் பாய் கேட்டுவைத்தார். அன்று முழுக்கச் சாமியார் சாப்பிடவே இல்லை. சாயங்காலம், "லத்தீன்காரங்க பனியனே போடலீங்களே பாய்," என்றார் துக்கத்தோடு.

ஒருமுறை இந்த வகுப்பில் மாட்டிய ஒரு பையர், ரயிலைத் தவறவிட்டுவிட்டார். அடுத்து ஒரு வெளிநாட்டு அம்மா வருவதாக இருந்தது. முதலாளி கோபத்திலும் மரியாதை குறையாதவர்.

"சாமியாரே, நாளைக்கு அந்தம்மா முன்னால லத்தீன் வந்துச்சுன்னா, அப்படியே ஊட்டுக்குப் போயிருங்க."

மறுநாள் அந்த அம்மா, அதே சாம்பலும் நீலமும் பச்சையும் கலந்த துணியைத் தடவி, "நைஸ் கிரே," என்றார்.

கிரே! வெறும் சாம்பல்! சாமியார் மேசையைப் பிடித்துக்கொண்டார். உதடு துடித்தது, கண் நிறைந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பார்க்கச் சகிக்கவில்லை. முதலாளி நெளிந்தார், கனைத்தார், கடைசியில் வெடித்தார்.

"அட, சொல்லித் தொலைங்க சாமியாரே! மனுசன் செத்துருவாராட்டம் இருக்குது!"

சாமியார் மெல்ல ஆரம்பித்தார். அந்தம்மாவுக்கு இங்கிலீஷில், எங்களுக்குத் தமிழில்: "லத்தீன்ல கண்ணு ஆண்பாலுங்க; அந்த நெறத்துல இருந்தா கிளௌகுஸ். ஆலிவ் மரம் பெண்பாலு, கிளௌகா. கடல் ரெண்டும் இல்லீங்க. மழைக்கு முன்னால அது கிளௌகும்."

ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி மிதந்தது. அந்தம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். பிறகு துணியைச் சரி என்று சொல்லிவிட்டுக் காரேறினார்.

இப்போது விழப்போகிறது திட்டு என்று காத்திருந்தோம். முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுச் சாமியார் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடல மட்டும் இன்னொருக்கா சொல்லுங்க."

நாங்களும் வேலைக்குத் திரும்பவில்லை. அவ்வளவு பிடிக்கும் எங்களுக்கு அந்த மனுஷரை.