வியாழக்கிழமைப் பாட்டுக்குழு

வரிசையில் நான்காவதாக அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

வாசல் மேஜையில் நின்று வருகிறவர்களுக்கு ஸ்டிக்கர் கொடுத்துக்கொண்டிருந்த ஹென்னிங் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தான். அதே சாம்பல் நிறக் கோட்டு, அதே பின்னல் தொப்பி. அவன் அம்மா ரோஸ்வித்தா, வயது அறுபத்தெட்டு, ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரி, இந்நேரம் ஸ்பாண்டாவில் தன் வீட்டுச் சமையலறையில் ரொட்டியும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியவள். அவள் பெர்லினின் மறுகோடியில் இருக்கிற நொய்கோல்னுக்கு ரயில் மாறி வந்து, பழைய பியானோ தொழிற்சாலையின் இரண்டாவது முற்றத்தில் நிற்கிறாள். காமத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசிப் பழகுவதற்கென்றே இருக்கிற சங்கம் நடக்கிற இடம் அது. இன்று மாதாந்திரப் படக்காட்சி.

அம்மாவைப் பொறுத்தவரை ஹென்னிங் வியாழக்கிழமை தோறும் பாட்டுக்குழுவுக்குப் போகிறான். நான்கு வருஷமாகப் போகிறான். போன கிறிஸ்துமஸ் அன்று "ஏதாவது ஒண்ணு பாடேன்" என்று அவள் கேட்டபோது தொண்டை கட்டிக்கொண்டதாகச் சொல்லி, அதை நிரூபிக்க இரண்டு நாள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அலைந்தான். காப்பீட்டு அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்க்கிற நாற்பத்தொரு வயது ஆசாமியின் லட்சணம் இது.

சட்டென்று மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டான்.

"என்னடா தேடுற?" என்றாள் கூண்டுலா. வாசலுக்குப் பக்கத்தில் கோட்டுகளை வாங்கி மாட்டுகிறவள். எழுபது வயதாகிறது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஸ்டூலை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"ஸ்டிக்கரு."

"கையிலதானே வச்சிருக்க."

"வேற ஸ்டிக்கரு."

முன்னால் நின்ற மூன்று பேரும் பழகிய ஆட்கள், தாங்களே ஒட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"வணக்கம்" என்றது மேலேயிருந்து ஒரு குரல். "இங்க யாராவது இருக்கீங்களா?"

வேறு வழியில்லை. எழுந்தான். அம்மா அவனைப் பார்த்தாள். ரயிலில் டிக்கெட் பரிசோதகரைப் பார்ப்பதுபோல மரியாதையாக, ஆனால் யாரோ ஒருவரைப் பார்க்கிற பார்வை. ஹென்னிங்கின் வாய் மட்டும் நான்கு வருஷப் பழக்கத்தில் தானாக ஓடியது.

"இங்க மூணு விதி. ஒண்ணு, ஃபோன் கேமராமேல ஸ்டிக்கர் ஒட்டிடணும். ரெண்டு, யாரைத் தொடணும்னாலும் வாயைத் திறந்து கேக்கணும், வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான். மூணு..." ஸ்டிக்கர் தாளைத் திருப்பிப் பார்த்தான். "மூணு, வெளிய தெரிஞ்சவங்களை இங்க பாத்தா, அவங்களா முதல்ல பேசுற வரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது."

"ரொம்ப நல்ல விதி" என்றாள் அம்மா. "அப்படியே நடந்துக்கறேன். உங்களுக்கு நன்றி."

உங்களுக்கு! பெற்ற பிள்ளைக்கு!

நல்ல விதிதான். டாக்டரும் நோயாளியும், வாத்தியாரும் மாணவனின் அப்பாவும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்க முடிவது இதனால்தான். ஆனால் இரண்டு பேருமே விதியை மதிக்கிறவர்களாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. வண்டியே வராத தெருவில்கூடச் சிவப்பு விளக்கு மாறும்வரை நிற்கிற குடும்பம் இது. அவள் பேசட்டும் என்று அவன் நின்றான். அவன் பேசட்டும் என்று அவள் நின்றாள். பின்னால் இருந்தவர் தொண்டையைச் செருமினார்.

"ஸ்டிக்கர்..." என்று இழுத்தான்.

அம்மா ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். கேமராமேல் ஏற்கெனவே வட்டமாக ஒன்று ஒட்டியிருந்தது. எவனோ ஒளிந்து பார்ப்பான் என்று பத்திரிகையில் படித்துவிட்டு ஒட்டியிருப்பாள் என்று ஹென்னிங் நினைத்துக்கொண்டான்.

"இங்க சொந்தப் பேர் வேண்டாம். பிடிச்ச பேரை எழுதி நெஞ்சுல ஒட்டிக்கலாம்."

அவள் யோசிக்கவே இல்லை. 'முள்ளங்கி' என்று எழுதினாள். அவன் நெஞ்சில் இருந்ததைக் கண்ணாடியை இறக்கிப் படித்தாள். "நன்றி, நரி" என்று சொல்லிவிட்டு, கூண்டுலாவிடம் கோட்டைக் கொடுத்து, காலணியைக் கழற்றி வைத்து, கம்பளிக் காலுறையோடு உள்ளே போனாள்.

ஹென்னிங்குக்கு அவள் வந்ததுகூடப் பெரிதில்லை. இன்றைய குறும்படங்களில் மூன்றாவது படத்தில் ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்து தன் உடம்பைப் பற்றி ஏழு நிமிஷம் பேசுகிறான். அந்த ஆள் ஹென்னிங். நிகழ்ச்சி நிரலில் அவன் முகம் பாதி தெரிகிற படத்தைப் போட்டிருந்தார்கள், பாதி முகத்தை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான். அந்த ஏழு நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் அம்மாவைப் பற்றியது. அவள் காதில் விழவே விழாது என்ற தைரியத்தில் சொன்னது. விழுந்தால் அவள் மனசு உடைந்துபோகும். திட்டமாட்டாள், அழமாட்டாள். வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, அப்புறம் எப்போதுமே அவனிடம் எதையும் கேட்கமாட்டாள். ஹென்னிங்குக்கு அதுதான் பயம்.

ஏணிப்படி ஏறிப் படம் ஓட்டுகிற அறைக்கு ஓடினான். அங்கே வோல்கான் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். சங்கத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, ஆனால் இயந்திரங்கள் அவன் பேச்சைக் கேட்கும்.

"வோல்கான், மூணாவது படத்தை எடுத்துடு."

"அண்ணே, நிரல் அச்சடிச்சாச்சு. ஒண்ணு குறைஞ்சாலும் நாப்பது பேர் கையைத் தூக்குவாங்க. ஏன், எதுக்குன்னு ராத்திரி முழுக்க விவாதம் நடக்கும்."

"அப்ப கடைசியாப் போடு."

"அது முடியும்" என்றான் வோல்கான்.

ஹென்னிங்குக்கு மூச்சு வந்தது. அம்மா பத்து மணிக்குத் தூங்குகிறவள். எட்டரைக்குக் கிளம்பிவிடுவாள். பாதிப் படி இறங்கியபோதுதான் ஞாபகம் வந்தது, கடைசிப் படத்துக்குத்தான் இங்கே கலந்துரையாடல் நடக்கும். படத்தில் பேசினவர் முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான்.

சரி, அவளைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டால்? ஒரு அட்டையில் 'உதவியாளர்களுக்கு மட்டும்' என்று எழுதி முதல் இரண்டு வரிசைகளிலும் வைத்தான். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். அம்மா அட்டையை நிதானமாகப் படித்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். ஐந்து நிமிஷத்தில் இடுப்பில் ஏப்ரனும் கையில் கரண்டியுமாக, பயறு சூப்பை நாற்பது பேருக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை. பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். சூப் நன்றாக இருக்கிறதுபோல என்று ஹென்னிங் நினைத்தான்.

விளக்கை அணைக்கிற நேரத்தில் அவள் வந்து முதல் வரிசையில், அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இது உதவியாளர்களுக்கு..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும். சூப்பு ஊத்தினேனே" என்றாள் முள்ளங்கி. "உங்களுக்குச் சிரமம்னா தள்ளி உட்காந்துக்கறேன்."

"இல்ல இல்ல. உக்காருங்க."

முதல் படத்தில் எண்பது வயதுத் தம்பதி ஒன்று, மூட்டுவலியோடு எப்படிக் கொஞ்சிக்கொள்வது என்று சண்டை போட்டுக்கொண்டது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டாவது படத்தில் ஒரு பெண் முதன்முதலாக 'வேண்டாம்' சொன்ன கதையைச் சொன்னாள். அம்மா மெதுவாகத் தலையாட்டினாள். ஹென்னிங் திரையைப் பார்க்கவே இல்லை, அம்மாவைத்தான் பார்த்தான். நாற்பத்தொரு வருஷத்தில் அவள் முகத்தை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை என்று தோன்றியது. மணி எட்டரை ஆயிற்று. அவள் கிளம்பவில்லை.

கடைசிப் படம் தொடங்குவதற்குள் மறுபடியும் ஏணிப்படி ஏறினான்.

"வோல்கான், கும்பிட்டுக் கேக்கறேன். சத்தத்தையாவது குறை. கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

"என்ன அண்ணே உனக்கு இன்னைக்கு?" என்றாலும் குறைத்தான்.

படம் ஓடியது. திரையில் ஹென்னிங் வாயை வாயை அசைத்தான். கீழே ஹென்னிங் முதல் முறையாக நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அரை நிமிஷம்தான்.

"சத்தம் வரல!" என்று கூட்டம் கத்தியது.

வோல்கான் நல்ல பையன். கூட்டம் ஏமாறக் கூடாது, அண்ணன் பேச்சையும் தட்டக் கூடாது. காது கேளாதவர்களுக்காகச் செய்துவைத்திருந்த எழுத்தைப் போட்டுவிட்டான். முழங்கை நீள எழுத்து, கறுப்பில் வெள்ளையாக.

ஒரு சத்தமும் இல்லாமல் கூடமே படித்தது:

*எங்க வீட்ல யாரும் யாரையும் தொட மாட்டாங்க. பிறந்தநாளுக்குக் கை குடுத்துக்குவோம். அம்மா ரொம்ப நல்லவங்க. எனக்குக் காய்ச்சல்னா ராத்திரி முழுக்க உக்காந்திருப்பாங்க, நாற்காலியில. ஒரு தடவைகூட என்னைக் கட்டிக்கிட்டதில்ல. கல்யாணம் ஆச்சு. ஒன்பது வருஷம் பக்கத்துல படுத்திருந்தவகிட்ட எனக்கு எது பிடிக்கும்னு ஒரு நாள் சொன்னதில்ல. உனக்கு என்ன வேணும்னும் கேட்டதில்ல. கேக்கலாம்னே தெரியாது. அவ என்னை விட்டுட்டுப் போயிட்டா. முப்பத்தேழு வயசுல, இங்க வந்துதான், கட்டிக்கலாமான்னு ஒருத்தரைக் கேக்கலாம்னு கத்துக்கிட்டேன்.*

குரலாக இருந்திருந்தால் ஒரு வார்த்தை இருமலில் போயிருக்கும், ஒன்று நாற்காலிச் சத்தத்தில் போயிருக்கும். எழுத்து ஒன்றையும் விடவில்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மீதியையும் படித்தாள்.

விளக்கு எரிந்தது. கை தட்டினார்கள். ஹென்னிங் தூக்குமேடைக்குப் போகிறவன்போல எழுந்து முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். முதல் கையைத் தூக்கியது முள்ளங்கி.

"நரி, உங்களை ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இந்தப் படத்தை உங்க அம்மா பாத்தா, அவங்க என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?"

ஹென்னிங் காலுறையில் இருந்த ஓட்டையைப் பார்த்தான்.

"தெரியல. மனசு விட்டுப்போகாம இருந்தாப் போதும். அவங்களைக் குத்தம் சொல்லல நான். அவங்களுக்கும் யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க."

"மனசெல்லாம் விட்டுப்போகாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் ஒரு பையன் இருக்கான்."

"என்ன பண்றாரு?"

"வியாழக்கிழமை ஆனா பாட்டுக்குழுவுக்குப் போறான்" என்றாள் அம்மா. "நாலு வருஷமாப் போறான். ஒரு பாட்டு தெரியாது."

கூடம் சிரித்தது. ஹென்னிங்கும் சிரித்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அம்மா எழுந்து அவன் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையையும் ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"நரி, உங்களைக் கட்டிக்கலாமா?"

"ம்."

"வாயால சொல்லணும்."

"கட்டிக்கலாம்மா" என்றான்.

அவள் மரக்கட்டைபோல நிற்பாள், முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவாள் என்று நினைத்திருந்தான். அப்படி இல்லை. நன்றாக இறுக்கிக் கட்டிக்கொண்டாள், தட்டவில்லை, அவசரப்படவில்லை, அவன் விடுகிறவரைக்கும் விடவில்லை. அவளிடமிருந்து பயறு வாசமும் மருந்துக்கடை வாசமும் வந்தன. இந்த வாசம் இத்தனை கிட்டத்தில் எப்படி இருக்கும் என்று அவனுக்கு இன்றுதான் தெரிந்தது.

கூட்டம் கலைந்தது. வாசலில் அம்மா கோட்டை வாங்கிக்கொண்டு கூண்டுலாவிடம் குனிந்து காதில் ஏதோ சொன்னாள். "ஞாயித்துக்கிழமை கேக்கு சாப்பிட வா. பாட வேண்டாம்" என்று ஹென்னிங்கிடம் சொல்லிவிட்டு முற்றத்து இருட்டில் ரயிலுக்கு நடந்தாள்.

ஹென்னிங் வாசல் மேஜைமேல் ஏறி உட்கார்ந்தான். பூரிப்பு தாங்கவில்லை.

"பாத்தீங்களா கூண்டுலா? முதல் தடவை வர்றாங்க! ஒரு விதி தப்பல. கட்டிக்கறதுக்குக்கூட வாயால கேட்டாங்க. அறுபத்தெட்டு வயசுல, வாசல்ல நான் ஒரே ஒரு தடவை சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. நான் சொல்லிக் குடுக்கற விதம் அப்படி!"

கூண்டுலா காலிக் கோட்டு மாட்டிகளை வரிசையாகத் தள்ளினாள்.

"இனிமே உன்கிட்டச் சொல்லலாம்னு இப்பதான் அனுமதி குடுத்துட்டுப் போனாங்க, அதனால சொல்றேன்" என்றாள். "உனக்கு முன்னாடி ஆறு வருஷம் இந்த வாசல்ல நின்னது அவங்கதான்டா, நீ முதல் நாள் படியேறி வர்றதைப் பாத்துட்டு, 'என்னைவிட அவனுக்குத்தான் இந்த இடம் தேவை'ன்னு சொல்லிட்டுப் பின்கதவு வழியாப் போனவங்க, நிரல்ல உன் பாதி முகத்தைப் பாத்துட்டு இன்னைக்குத்தான் திரும்பி வந்திருக்காங்க."